பெல்ட்டை அளந்து பாருங்கள்: புதுச்சேரி வாடகை ஸ்கூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடை வாசலில் நிற்கும் ஒவ்வொரு ஸ்கூட்டரின் இடப்பக்கக் கவரையும் ஒரு முறை கழற்றுங்கள். உள்ளே ஓடும் ரப்பர் பெல்ட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் வரம்புக்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெல்ட் அறுந்து வண்டி நடுவழியில் நின்ற பிறகுதான் அந்தக் கவரைத் திறப்பது என்ற வழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. அது மாற வேண்டும்.

முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் நான். உங்களில் பலருடைய வண்டிகள் என் கைக்கு வந்து போனவை. வந்தவுடன் நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிக்கப்தான் இல்லை." எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். அதன் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது உங்களுக்கே விளங்கும்.

பைக்கில் பொதுவாக நான்கு அல்லது ஐந்து கியர்கள் உண்டு. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான விகிதம். ஸ்கூட்டரில் இருப்பது சிவிடி, அதாவது விகிதம் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் கியர் அமைப்பு. அதில் படிகளே கிடையாது. ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை விகிதம் வழுக்கிக்கொண்டே போகும். முன்னால் எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டில் ஒரு புல்லி, பின்னால் கிளட்ச்சோடு சேர்ந்து இன்னொரு புல்லி, இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் சரிந்த முகம் கொண்ட இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் நடுவை நோக்கி இறங்கும். பெல்ட்டின் நீளம் மாறாது. ஆகவே முன்னால் அது ஏறினால் பின்னால் இறங்கியே தீர வேண்டும்.

தட்டுகளை நெருக்குவது யார்? முன் புல்லியின் நகரும் பகுதியான வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்கள் என்ற சிறு உருளை எடைகள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஆறு இருக்கும். எஞ்சின் வேகமெடுக்கும்போது அவை வெளிப்பக்கம் ஓடிச் சரிவில் ஏறி, நகரும் தட்டை உள்ளே தள்ளுகின்றன. பின் புல்லியில் ஒரு பெரிய ஸ்பிரிங் அதற்கு எதிராக அழுத்திக்கொண்டிருக்கிறது. ரோலரின் எடைக்கும் ஸ்பிரிங்கின் வலுவுக்கும் இடையே நடக்கும் இழுபறிதான் அந்தந்த நொடியின் கியர் விகிதத்தைத் தீர்மானிக்கிறது. பின் புல்லியில் சாய்வான பள்ளங்களும் உண்டு. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நூறடிச் சாலை ரயில் மேம்பாலம் ஏறும்போது, சுமையின் முறுக்கு அந்தப் பள்ளங்கள் வழியாகத் தட்டுகளை இறுக்கிப் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடிக்கச் செய்யும். விகிதமும் தானாகவே இழுவைப் பக்கம் திரும்பும். கணினியோ சென்சரோ இல்லாமல் எடையும் ஸ்பிரிங்கும் சரிவும் மட்டுமே சேர்ந்து இதைச் செய்கின்றன. எத்தனை முறை பிரித்து மாட்டினாலும் இந்த அமைப்பின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை.

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958ஆம் ஆண்டிலேயே தன் 600 என்ற காரில் ரப்பர் பெல்ட்டோடு இதை ஓட்டிக் காட்டியது. நம் நாட்டில் 1984இல் வந்த கைனடிக் ஹோண்டாதான் இதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 1993இல் வில்லியம்ஸ் அணி ஃபார்முலா 1 காரில் சிவிடியைப் பொருத்திச் சோதித்தது. அடுத்த ஆண்டு விதிகள் அதற்குத் தடை போட்டுவிட்டன. எஞ்சினை அதன் பலம் அதிகமாக இருக்கும் சுற்றிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு வண்டியின் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போக முடியும் என்பதுதான் இதன் பெருமை. முழு ஆக்சிலேட்டரில் ஸ்கூட்டர் 20இலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் போகும்போது எஞ்சின் சத்தம் பெரிதாக மாறாமல் இருப்பதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது பெல்ட் முன் புல்லியில் 20 மில்லிமீட்டர் ஆரத்திலும் பின் புல்லியில் 50 மில்லிமீட்டர் ஆரத்திலும் சுற்றுகிறது. 50ஐ 20ஆல் வகுத்தால் 2.5. எஞ்சின் ஐந்து சுற்று சுற்றினால் பின் புல்லி இரண்டு சுற்று சுற்றும். அதனால் இழுவை அதிகம். நல்ல வேகத்தில் போகும்போது முன்னால் 39, பின்னால் 32. விகிதம் 0.82. அப்போது பின் புல்லி எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும். அதற்குப் பிறகு கியர் ஆயிலில் மூழ்கியிருக்கும் பற்சக்கரங்கள் எப்போதும் ஒரே அளவில் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. மாறுவது பெல்ட் ஓடும் ஆரம் மட்டும்தான்.

பெல்ட்டின் அகலம் 1 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். தட்டுகள் சரிவாக இருப்பதால், அந்த 1 மில்லிமீட்டர் தேய்மானத்துக்குப் பெல்ட் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிடும். கிளம்பும்போது பின் தட்டுகள் முழுதாக மூடியிருந்தும் பெல்ட் 50இல் நிற்காது, 48இல் நிற்கும். முன்னால் 22 ஆகிவிடும். 2.5 என்றிருந்த விகிதம் 2.18க்கு வந்துவிடுகிறது. இழுவையில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. வேகத்தில் போகும்போது முன் தட்டுகள் முழுதாக நெருங்கியும் பெல்ட் 37க்கு மேல் ஏறாது, பின்னால் 34 ஆகும். 0.82 என்றிருந்தது 0.92 ஆகிறது. அதே வேகத்தில் போக எஞ்சின் 12 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். பிக்கப்பும் போகிறது, மைலேஜும் போகிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே இரண்டும் போகின்றன. இந்த நிலையில் கார்புரேட்டரைக் கழுவியும் ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் என்ன பயன்?

புதிய பெல்ட்டுக்கும் மாற்ற வேண்டிய பெல்ட்டுக்கும் உள்ள வித்தியாசமே பொதுவாக 1 மில்லிமீட்டர் அளவுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் வெர்னியர் காலிப்பர் வேண்டும். "வெடிப்பு ஒன்றும் இல்லை, இன்னும் ஓடும்" என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு மூடும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

வீட்டு வண்டியைப் பார்த்துப் பழகிய கண் வாடகை வண்டியில் ஏமாந்துபோகும். பல ஸ்கூட்டர்களில் 24,000 கிலோமீட்டர் அளவில் பெல்ட் மாற்ற வேண்டும். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டி அந்தக் கணக்கை எட்ட ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். உங்கள் வண்டி மாதத்தில் 20 நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் இருபதே மாதத்தில் எட்டிவிடும். அதுவும் எப்படிப்பட்ட ஓட்டம்! அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் நின்று நின்று கிளம்பும் ஓட்டம். செரினிட்டி கடற்கரையின் மணல். குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில் ஏறும் சாலையின் செம்மண் தூசி. முன் புல்லியில் இருக்கும் விசிறி இறக்கைகள் குளிர்ச்சிக்காகக் காற்றை உள்ளே இழுக்கும்போது இந்தத் தூசியும் சேர்ந்தே போகிறது. ரோலர் ஓடும் பாதையில் தூசி அடைந்தால் ரோலர் உருளாமல் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு விகிதம் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்திப் போகும். கிளம்பும்போது வண்டி குலுங்குவதற்கு, சுழலும்போது விரிந்து கிளட்ச் ட்ரம்மைப் பிடிக்கும் கிளட்ச் ஷூவும் காரணமாகலாம், தட்டையான ரோலரும் காரணமாகலாம். கவரைத் திறக்காமல் எது என்று சொல்ல வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வண்டிகள் பலவற்றில் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறது. கிலோமீட்டர் ஓடாத வண்டியில் பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது. அந்தக் கேபிளை முதலில் மாற்றுங்கள். அது பெரிய செலவில்லை.

மழைக்கு முன்னால் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் நின்றதை யாரும் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை வெயிலில் காயவைத்து, ஸ்டார்ட் ஆகிறது என்றவுடன் வாடகைக்கு அனுப்புவது ஆபத்து. காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீரும் சேறும் உள்ளே போயிருக்கும். ஈரமான பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூட்டில் அதன் பக்கங்கள் இறுகிப் பளபளத்துப் பிடிமானத்தை இழக்கும். கிளட்ச் ட்ரம்மில் துரு ஏறியிருக்கும். தண்ணீரில் நின்ற ஒவ்வொரு வண்டியின் கவரையும் திறந்து துடைத்துக் காயவிட்டு, கியர் ஆயில் வெளுத்திருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் சாவியை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களைவிட இரவில் போன் எடுக்கும் என்னைப் போன்றவர்கள் அதிகம் கேட்கிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், நடுவில் குழந்தை, காலாப்பட்டு தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் நிற்கும். "வண்டி ஸ்டார்ட் ஆகிறது, எஞ்சின் உறுமுகிறது, ஆனால் நகரவில்லை" என்பார்கள். பெல்ட் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். சக்கரத்துக்குத்தான் ஒன்றும் போகாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் அந்த நொடியே இழுவை போய்விடும், ஆக்சிலேட்டரை விடும்போது வேகத்தைக் குறைக்க எஞ்சின் தரும் உதவியும் போய்விடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும் சாலையில் அது எவ்வளவு பெரிய அபாயம் என்று யோசித்துப் பாருங்கள். அறுந்த துண்டு உள்ளே சிக்கிக்கொண்டு செய்யும் சேதம் வேறு.

செலவு என்று சிலர் சொல்வீர்கள். அசல் பெல்ட்டின் விலை சில நூறு ரூபாய். ஓரிரு நாள் வாடகையில் வந்துவிடும். அதில் மிச்சம் பிடிக்கப் போலிப் பெல்ட் போடாதீர்கள்; அளவில் சிறிய பிசகு வந்தாலும் மேலே சொன்ன கணக்கெல்லாம் முதல் நாளிலிருந்தே தவறிப்போகும். அதேபோல் "பிக்கப்புக்காக" எடை குறைந்த ரோலர் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். எடை குறைந்த ரோலர் தட்டை மெதுவாகத்தான் தள்ளும். எஞ்சின் அதிகச் சுற்றில் கத்திக்கொண்டே ஓடும், பெட்ரோல் வீணாகும். தேய்ந்த பெல்ட்டின் குறையை ரோலரால் மூடி மறைக்கும் வேலை இது, எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத வேலை. பெல்ட் ஓடும் தட்டு முகங்களில் கிரீஸோ எண்ணெயோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது என்று உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

சாவி கொடுக்கும்போது வாடிக்கையாளரிடமும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். சிக்னலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். கிளட்ச் ஷூவும் பெல்ட்டும் அங்கேயே வெந்துபோகும். வண்டி நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். கிளட்ச் பிடிப்பதற்கே எஞ்சின் சுற்ற வேண்டும் என்பதால் இந்த வண்டியில் அது நடக்காது. சாலையில் நிற்கும் தண்ணீருக்குள் விட வேண்டாம். அதிகக் கிலோமீட்டர் ஓட்டப்போகிறவர் என்றால், புதிதாகப் பெல்ட் மாற்றிய வண்டியை அவருக்குக் கொடுங்கள். நோட்டு எழுதி வைத்திருந்தால் எந்த வண்டி என்று தேட வேண்டியதில்லை.

பேட்டரி ஸ்கூட்டருக்கு மாறிவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. ஆனால் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் இன்னும் பல ஆண்டுகள் நம் தெருக்களில் ஓடத்தான் போகின்றன.

டிசம்பர் கூட்டம் வருவதற்குள், திங்கட்கிழமைகளில் மதியத்துக்கு மேல், பட்டறையில் ஒரு பழைய வண்டியின் கவரைக் கழற்றி வைத்திருப்பேன். உங்கள் கடைப் பையன்களை அனுப்புங்கள். பெல்ட்டை எப்படி அளப்பது, ரோலர் தட்டையாகியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்டித் தருகிறேன். கட்டணம் எதுவும் இல்லை. காலிப்பர் வைத்திருப்பவர்கள் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.