ஐந்து மணிக்குப் பூங்காவைத் திறக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புத்தாண்டு பிறந்தால் எங்கள் ஊர்ப் பூங்காவில் நடக்க இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் புது ஷூ, புது டீ-ஷர்ட். பொங்கல் கழிந்து போய்ப் பார்த்தால் பழைய ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். அதில் நானும் ஒருவன். வயது 57, தையல் தொழில். 2013-இல் சர்க்கரை என்று தெரிந்த மாதம் நடக்க ஆரம்பித்தேன்.

'எப்படி விடாமல் நடக்கிறீர்கள்?' என்று கேட்கிறார்கள். விடாமல் எங்கே நடந்தேன்? தீபாவளிக்கு முந்தைய இருபது நாளும் இரவு ஒரு மணி வரை மெஷினில்தான். அப்போதெல்லாம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவதோடு சரி. 2020 ஊரடங்கில் மொட்டை மாடியைச் சுற்றினேன். துணியில் கோடு போடும் சாக்கட்டியால் கைப்பிடிச் சுவரில் சுற்றுக்கு ஒரு கோடு; நாற்பது ஆனதும் இறங்கிவிடுவேன். ஒருமுறை முட்டி வீங்கி ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தேன். எழுந்து வந்த அன்றே பழையபடி ஆறு சுற்று நடந்தேன், மறுபடி வீங்கிக்கொண்டது. பிறகுதான் புத்தி வந்து இரண்டு சுற்றிலிருந்து தொடங்கினேன்.

வாரத்துக்கு 150 நிமிடம் நடை மாதிரியான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாவதை எங்களில் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து பஸ்கி எடுப்பேன். கடைப் பையனுக்குச் சிரிப்புத் தாங்காது.

வைராக்கியமெல்லாம் எனக்குக் கிடையாது. ஐந்து மணியானால் கால் தானாகக் கிளம்பிவிடும், அவ்வளவுதான். அதற்குத்தான் இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நாலைந்து மாதமாகப் பூங்காவை ஆறேகாலுக்குத்தான் திறக்கிறார்கள். அந்நேரம் நான் பேத்தியைப் பள்ளி வேனுக்குக் கிளப்பிக்கொண்டிருப்பேன். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அதற்கு முன்பே பஸ் ஏறியிருப்பார்கள். மெயின் ரோட்டில் நடக்கலாம் என்றால் இருட்டில் லாரி, அது போனால் நாய். பத்து வருஷம் வந்துகொண்டிருந்த மூன்று பேர் நின்றேவிட்டார்கள்.

2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கே போய் நடக்க நாங்கள் பஸ் பிடிக்க வேண்டும்.

காவலாளி அவ்வளவு சீக்கிரம் வர முடியாது என்பதுதான் காரணம் என்றால், சாவியை எங்களிடம் கொடுக்கட்டும். முறைவைத்துத் திறக்க நாலு பேர் தயார்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
விருதுநகர் மாவட்டம்.