ஷார்ட் பொசிஷனை மூடப் போட்ட ஆர்டரை ரத்து செய்தது, கூடுதல் கட்டணம் பிடித்தது, தவறான தமிழ்க் கையேடு தொடர்பான புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் தமிழ் வாடிக்கையாளர்கள்,
சயான், மாட்டுங்கா, செம்பூர் வட்டாரம்,
மும்பை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பங்குத் தரகு நிறுவனத் தலைமை அலுவலகம்,
மும்பை.

ஐயா / அம்மையீர்,

எங்களில் ஒருவருடைய கணக்கில் நடந்த ஒரு ஷார்ட் விற்பனை (கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி மூடுவது) பற்றி எழுதுகிறோம். கணக்கு எண், கான்ட்ராக்ட் நோட் (வியாபார ரசீது), ஆர்டர் புக்கின் பிரதி, லெட்ஜர், தங்கள் உதவி மையம் அனுப்பிய பதில் மின்னஞ்சல் அனைத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். மூன்று புகார்கள் உண்டு. முதலாவதுதான் பெரியது.

அந்தப் பங்கு எஃப் அண்ட் ஓ (பின்தேதி ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பட்டியலில் இல்லாதது. விலை வரம்பு 10 சதவீதம். முந்தைய நாள் 200 ரூபாயில் முடிந்ததால், அன்று 220-க்கு மேல் யாரும் ஆர்டரே போட முடியாது. காலை 11 மணியளவில் எம்.ஐ.எஸ். முறையில் (அன்றே மூட வேண்டிய இன்ட்ராடே வியாபாரம்) 500 பங்குகள் 204 ரூபாய்க்கு விற்கப்பட்டன. பிற்பகல் 1.38-க்குப் பங்கு 220-ஐத் தொட்டு அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய மேல் வரம்பில், பூட்டிக்கொண்டது. வாங்குவோர் பக்கம் லட்சக்கணக்கில் ஆர்டர்கள், விற்போர் பக்கம் பூஜ்யம். 1.42-க்கு வாடிக்கையாளர் 220 ரூபாய்க்கு 500 பங்குகள் வாங்க லிமிட் ஆர்டர் போட்டுவிட்டார். அந்த நிலையில் செய்யக்கூடியது அது ஒன்றுதான். சர்க்யூட்டில் நிற்கும் பங்கில் வாங்குவோர் எல்லோரும் ஒரே விலையில் நிற்பதால், யாருடைய ஆர்டர் முன்னால் வந்தது என்பது மட்டுமே கணக்கு. இடையில் யாராவது நூறு, இருநூறு பங்கு விற்றால், அது வரிசையில் முதலில் நிற்பவருக்குப் போகும்.

3.20-க்குத் தங்கள் ஆர்.எம்.எஸ். (அபாயத்தைக் கட்டுப்படுத்தும் தானியங்கி மென்பொருள்) என்ன செய்தது என்பது ஆர்டர் புக்கில் இருக்கிறது. நிலுவையிலிருந்த 1.42 ஆர்டரை ரத்து செய்தது. அடுத்த நொடியே அதே 500 பங்குகளுக்கு ஸ்கொயர் ஆஃப் (பொசிஷனை மூடும்) ஆர்டர் ஒன்றைப் புதிதாக அனுப்பியது. ரேஷன் கடை வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றவரைப் பிடித்து இழுத்துக் கடைசியில் நிறுத்தியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 3.20-க்கும் 3.30-க்கும் இடையில் அந்தப் பங்கில் 220 ரூபாயில் வியாபாரம் நடந்திருக்கிறது. சந்தையின் அன்றைய விலைத் தரவில் அதை யாரும் பார்க்கலாம். அந்தப் பங்குகள் வேறு யாருக்கோ போயின.

உதவி மையத்தின் பதில்: "சர்க்யூட்டில் சிக்கினால் நிறுவனம் பொறுப்பல்ல." சர்க்யூட் அபாயம் விற்றவருடையது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பொசிஷனை மூடுவதற்காகவே நின்றுகொண்டிருந்த ஆர்டரை, பொசிஷனை மூடுகிறோம் என்று சொல்லி ரத்து செய்தது ஏன் என்பதே எங்கள் கேள்வி. அளவும் அதே 500, விலையும் அதே 220. ஆர்.எம்.எஸ். அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். எல்லா நிலுவை ஆர்டர்களையும் துடைத்துவிட்டுப் பிறகு ஸ்கொயர் ஆஃப் செய் என்று ஒரே கட்டளையாக எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. சாதாரணப் பங்கில் அதனால் கெடுதல் இல்லை, விற்பவர் எப்போதும் இருப்பார். சர்க்யூட்டில் நிற்கும் பங்கில் அந்த ஒரு வரிதான் வாடிக்கையாளரின் பணத்தைத் தின்கிறது.

பிறகு நடந்தது சந்தை விதிப்படி நடந்தது. 27 ஜனவரி 2023 முதல் எல்லாப் பங்குகளுக்கும் டி பிளஸ் 1 செட்டில்மென்ட். அதாவது விற்ற பங்கை மறு வியாபார நாளே கொடுத்தாக வேண்டும். டீமேட்டில் பங்கு இல்லை, ஆகவே பற்றாக்குறை, அந்தப் பங்கை வேறு யாரிடமாவது வாங்கும் ஏலத்துக்குப் போனது. ஏலத்தில் யாரும் விற்க முன்வராததால் குளோஸ் அவுட், அதாவது பங்குக்குப் பதில் பணமாகத் தீர்ப்பது. வியாபாரம் நடந்த நாளிலிருந்து ஏல நாள் வரை எட்டிய உச்ச விலை, அல்லது முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுதான் குளோஸ் அவுட் விலை. பங்கு இரண்டு நாளும் 220-லேயே முடிந்தது. ஏல நாளின் உச்சம் 224. எனவே 264. பங்குக்கு 60 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் நஷ்டம். இதில் விலை ஏறியதால் போனது 8,000 மட்டுமே. மீதி 22,000, பங்கைக் கொடுக்க முடியாமல் போனதற்கான விலை. பங்கு கிடைக்காத வாங்கியவருக்கு அது இழப்பீடாகப் போகிறது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 20 சதவீத மார்ஜினாக (முன்பணமாக) 20,400 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு இந்த ஷார்ட்டை அனுமதித்த தங்கள் ஆப், மார்ஜினையும் தாண்டி நஷ்டம் வரலாம் என்று ஒரு வரிகூடக் காட்டவில்லை.

ஆர்டர் திரையைப் பாருங்கள். சிவப்பு 'விற்க' பொத்தான், அதன் கீழே எம்.ஐ.எஸ். தானாகவே தேர்வாகி இருக்கிறது. மார்ஜின் தொகை, செலவு மதிப்பீடு, அவ்வளவுதான். அந்தப் பங்கின் விலை வரம்பு 10 சதவீதம் என்பது மூன்று திரைகள் தள்ளி உள்ளே இருக்கிறது. செலவு மதிப்பீட்டில் எஸ்.டி.டி. (பங்கு வியாபார வரி) 26 ரூபாய் என்று காட்டியது. இன்ட்ராடே விற்பனைக்கு 0.025 சதவீதம், சரிதான். மூட முடியாமல் போனதும் அதே விற்பனை டெலிவரி விற்பனையாகி 0.1 சதவீதமாக, 102 ரூபாய் பிடிக்கப்பட்டது. தொகை சிறியது. ஆனால் அந்த மாற்றம் எதனால் வந்தது என்று கான்ட்ராக்ட் நோட்டைப் பார்க்கும் புதியவருக்கு ஒன்றும் விளங்காது.

இரண்டாவது புகார், கட்டணம். லெட்ஜரில் 'ஷார்ட் டெலிவரி கையாளும் கட்டணம்' என்று விற்பனை மதிப்பில் 1 சதவீதம், 1,020 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 183.60 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். கேட்டதற்கு, வாங்கியவரும் தங்கள் வாடிக்கையாளரே, எனவே இது இன்டர்னல் ஷார்டேஜ், நிறுவனத்தின் உள்விதிப்படி கட்டணம் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த உள்விதி செல்லாது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 5 ஜூன் 2024 சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: தரகருக்குள்ளேயே ஏற்படும் பற்றாக்குறையும் கிளியரிங் கார்ப்பரேஷன் (வியாபாரங்களைத் தீர்த்து வைக்கும் அமைப்பு) வகுத்த ஏல முறையில்தான் தீர்க்கப்பட வேண்டும், கிளியரிங் கார்ப்பரேஷன் விதிப்பதற்கு மேல் தரகர் எந்தக் கட்டணமும் வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. 1,203.60 ரூபாயைத் திருப்பித் தருவதோடு, 264 என்ற விலை கிளியரிங் கார்ப்பரேஷனிடமிருந்துதான் வந்தது என்பதற்கான அறிக்கையையும் தர வேண்டும். தங்கள் உதவி மையமே இது உள்விதி என்று எழுதியிருப்பதால், வேறு கணக்குகளிலும் இதே பிடித்தம் நடந்திருக்கும் என்று கருதக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, தங்கள் சயான் கிளையில் கொடுக்கும் 'ஷார்ட் செல்லிங் அறிவோம்' தமிழ்க் கையேடு. அதைப் படித்துவிட்டுத்தான் தாராவியிலும் செம்பூரிலும் புதிதாகக் கணக்குத் தொடங்கிய பிள்ளைகள் ஷார்ட் அடிக்கிறார்கள். அதில் இருப்பது அமெரிக்க விதிகள். தரகர் தன்னிடமிருக்கும் பங்கைக் கடன் கொடுப்பார், எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், 150 சதவீத மார்ஜின் வேண்டும், பங்கு 10 சதவீதம் விழுந்தால் அன்றும் மறுநாளும் சிறந்த வாங்கும் விலைக்கு மேல் மட்டுமே ஷார்ட் செய்யலாம் என்கிறது. கடைசியாகச் சொன்னது அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.இ.சி. 2010-இல் கொண்டுவந்த 201-ஆம் விதி. நம் தலால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கே உள்ளது வேறு. செபியின் 20 டிசம்பர் 2007 சுற்றறிக்கை வகுத்த முறைதான் அடிப்படை, 5 ஜனவரி 2024-இல் செபி அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. நேக்கட் ஷார்ட்டுக்கு (பங்கைக் கொடுக்க ஏற்பாடே இல்லாமல் விற்பது) அனுமதி இல்லை, விற்றவர் செட்டில்மென்டில் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். நிறுவன முதலீட்டாளர்கள் ஆர்டர் போடும்போதே அது ஷார்ட் என்று சொல்ல வேண்டும், அவர்கள் அன்றே வாங்கி முடிக்கும் டே டிரேடிங் செய்யக் கூடாது. சில்லறை முதலீட்டாளர் அன்றைய வியாபார நேரம் முடிவதற்குள் தெரிவித்தால் போதும்.

சில்லறை முதலீட்டாளருக்கு வழிகள் மூன்று. கேஷ் சந்தையில் இன்ட்ராடே, அன்றே மூட வேண்டும். ஃபியூச்சர்ஸில் விற்பது, நாட்கணக்கில் வைக்கலாம், ஆனால் லாட் அளவு, தினசரி எம்.டி.எம். (அன்றாட லாப நஷ்டத்தை அன்றே தீர்ப்பது), எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) வரை வைத்தால் பங்கையே டெலிவரி கொடுக்கும் கடமை எல்லாம் உண்டு. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களும் இந்த முறைதான். மூன்றாவது எஸ்.எல்.பி., 21 ஏப்ரல் 2008-இல் தொடங்கியது. பங்கைக் கடன் கொடுப்பவரையும் வாங்குபவரையும் கிளியரிங் கார்ப்பரேஷன் இடையில் நின்று இணைக்கிறது. பங்குக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம் பேசி, பேசிய மாதத்தில் குறித்த நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் டிவிடெண்ட் வந்தால் அது கடன் கொடுத்தவருக்கே சேரும். பெரும்பாலான பங்குகளில் எஸ்.எல்.பி. திரை காலியாகத்தான் கிடக்கும் என்பதையும் கையேடு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கடன் வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி விற்றுவிடுவார்கள்.

எந்தப் பங்கில் ஷார்ட் ஆபத்து என்பது இதைவிட முக்கியம், அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு சொல் இல்லை. எஃப் அண்ட் ஓ பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது, 10 சதவீதத்தில் தொடங்கும் வரம்பு தேவைப்படும்போது நெகிழும். அதனால் விலை கூடினாலும் வெளியேற வழி இருக்கும். மற்றவற்றில் 2, 5, 10, 20 சதவீதம் என்று வரம்பு நிலையானது, சுவர் மாதிரி. டிரேட் டு டிரேட் பங்குகளில், அதாவது என்.எஸ்.இ.யின் பி.இ. சீரிஸ், பி.எஸ்.இ.யின் டி குரூப், இன்ட்ராடேவே கிடையாது. ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தைத் தடுக்கும் ஆர்டர்) போட்டிருந்தாலும் சர்க்யூட்டில் விற்பவர் இல்லையென்றால் அது டிரிகர் ஆகிச் சும்மா நிற்கும்.

ஆகவே தங்களிடம் கேட்பது இவை. 1.42 ஆர்டர் ரத்தாகாமல் இருந்திருந்தால் 500 பங்குகளில் எத்தனை கிடைத்திருக்கும் என்பதை, ஆர்டர் எண்ணைக் கொடுத்துப் பங்குச்சந்தையிடம் கேட்டு எழுத்தில் தர வேண்டும். கிடைத்திருக்கக்கூடிய ஒவ்வொரு பங்குக்கும் 220-க்கும் 264-க்கும் இடைப்பட்ட 44 ரூபாயை நிறுவனம் ஏற்க வேண்டும். கூடுதலாகப் பிடித்த 1,203.60 ரூபாயை வரவு வைக்க வேண்டும், இதே தலைப்பில் பிடித்த மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அப்படியே. சர்க்யூட் விலையில் நிற்கும் வாங்கும் ஆர்டரை ஆர்.எம்.எஸ். தொடாதபடி கட்டளையை மாற்ற வேண்டும். பங்கு வரம்புக்கு 2 சதவீதம் தூரத்தில் வரும்போதே ஷார்ட் வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை போக வேண்டும். 5 சதவீத வரம்புப் பங்குகளில் எம்.ஐ.எஸ். ஷார்ட்டையே நிறுத்திவிடுவது நல்லது. தமிழ்க் கையேட்டை இன்றே கிளையிலிருந்து எடுத்துவிட்டு, இந்தியச் சந்தை தெரிந்தவரைக் கொண்டு புதிதாக எழுதித் தர வேண்டும்.

செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் புகார் பதிந்தால் 21 நாட்களுக்குள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. அதே 21 நாட்களை இந்தக் கடிதத்துக்கும் தருகிறோம். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் ஸ்கோர்ஸிலும், அதன் பிறகு இணையவழியில் தகராறு தீர்க்கும் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். தளத்திலும் இதே ஆவணங்களோடு பதிவோம். தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம், பதில் தாளில் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சயான், மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழ் வாடிக்கையாளர்கள்