பழைய செயின்சோ வாங்குங்கள், மரம் வெட்ட அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உறைபனி மழையில் முறிந்த மரங்களை அகற்றுவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பைப் படித்தேன். ஆள் பிடித்து வெட்டுவிக்கக் கேட்கிற காசுக்கு ஊருக்கே போய் வரலாம் என்று எழுதியிருந்தது சரிதான். மின்கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள் என்றதும் சரி. இடையில் வந்த ஒரு வசனம்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கராஜ் சேலில், அதாவது வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற இடத்தில், நாற்பது ஐம்பது டொலருக்குப் பழைய செயின்சோ (எஞ்சினால் ஓடும் சங்கிலி வாள்) கிடைக்குமாம். அந்தக் காலத்து இரும்பு, வாங்கினால் இன்னும் முப்பது வருடம் உழைக்குமாம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது இரும்பு அல்ல, மக்னீசியம். உடம்பு முழுக்க இரும்பில் வார்த்திருந்தால் தூக்கவே முடியாது.

நான் பழைய செயின்சோக்களைத் தேடி வாங்கித் திருத்தி வைப்பவன். ஸ்காபரோவில் ஒரு மெசின் ஷொப்பில் 27 வருடம் நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு இது முழுநேரப் பொழுதுபோக்காகிவிட்டது. பேஸ்மென்ற்றில் இப்போது 14 இருக்கின்றன. மனைவி 15 என்பார். கழற்றியபடி பெட்டிக்குள் கிடக்கிற ஒன்றையும் அவர் கணக்கில் சேர்ப்பதுண்டு. ஆகவே பழைய மிசின்களை இளக்காரமாகப் பேச வந்தவன் அல்ல நான். அவற்றால் மரம் வெட்டப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பைத்தியத்துக்கு விதை ஊரில் விழுந்தது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது எனக்குப் பதினான்கு வயது. விடிந்து பார்த்தால் தென்னந்தோட்டங்கள் பாய் விரித்ததுபோலக் கிடந்தன. எங்கள் ஒழுங்கை வாயிலில் ஒரு பெரிய வாகை விழுந்திருந்தது. மரக்காலையில் இரண்டு பேர் மேலும் கீழுமாக நின்று, ஒரு குற்றியை நெடுவாளால் நாள் முழுக்க அரிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இந்த வாகை ஒரு மாதமாவது இங்கேயே கிடக்கும் என்று பெரியவர்களே சொன்னார்கள். சில நாள் கழித்து வந்த ஆட்கள் ஒரு மிசினை நிலத்தில் வைத்துக் காலால் அமர்த்தி, கயிற்றை இழுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் பாதை திறந்துவிட்டது. மறுகா நாங்கள் பள்ளிக்கூடம் போகாமல் அந்த மிசினுக்குப் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தோம்.

அதற்கு 35 வருடம் கழித்து, 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் உறைபனி மழை. மூன்று இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனது; நாங்களும் அதில் அடக்கம். பின்வளவு மேப்பிள் நடுவால் பிளந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவர் தன் கராஜிலிருந்து நீல நிறத்தில் ஒன்றைத் தூக்கி வந்து, “இது ஸ்ராட் வராது, வேண்டுமென்றால் நீயே வைத்துக்கொள்” என்றார். ஹோம்லைற் எக்ஸ்எல்-12. அறுபதுகளில் வந்த மொடல். சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடான பாரும் சங்கிலியும் இல்லாமல் 12 இறாத்தல் என்பதால் அந்தப் பெயர். கொம்பனியின் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. 1921இல் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கியபோது அவர்கள் செய்தது செயின்சோ அல்ல, பண்ணை வீடுகளுக்கு விளக்கெரிக்கும் சின்ன ஜெனரேற்றர். வீட்டு விளக்கு என்பதுதான் பெயரின் பொருள். மூன்று நாளாக மெழுகுதிரியில் சோறு தின்றுகொண்டிருந்த எனக்கு இது எப்படி இருந்திருக்கும்!

கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்ரன் இறுகியிருந்தது. பொறி தருகிற பிளக்கைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டு, மூன்று நாள் தொடாமல் வைத்தேன். நாலாம் நாள் மெல்ல அசைந்து தந்தது. அடுத்தது, பொறி இல்லை. அந்தக் காலத்து மிசின்களில் பிளைவீல் என்ற சுழல் சக்கரத்துக்குக் கீழே இரண்டு சிறு முனைகள் தொட்டுப் பிரிந்துதான் பொறி உண்டாகும். சும்மா கிடந்தால் அந்த முனைகளில் கறுப்புப் பிடித்துவிடும். இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. நாங்கள் மெசின் ஷொப்பில் பதினைந்து தௌ என்போம். கறுப்பை எடுக்க விலையான சாமான் ஒன்றும் வேண்டாம். நம் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்கும்போது பையோடு சேர்ந்து வருகிற வீடு விற்பனை முகவர்களின் விசிற்றிங் கார்ட் போதும். ஒரு கார்ட்டை முனைகளுக்கு நடுவில் வைத்து இழுக்க வேண்டும். கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும். பொறிக்கு மின்சாரம் தருகிற கொயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே இடைவெளி வைப்பதும் அதே கார்ட்டால்தான். சிரித்த முகத்தோடு கோட் சூட் போட்ட ஒருவர் என் மிசின் ஒவ்வொன்றுக்குள்ளும் போய் வந்திருக்கிறார்.

லைற்றை அணைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். பிளக் நுனியில் நீலமாக ஒரு சின்னப் பொறி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கா கூப்பிட்டனீங்கள்?” என்றார்.

இனி காபரேற்றர், பெற்றோலைக் காற்றோடு கலக்கிற பாகம். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் அளவைப் பார்க்கிற மிதவையின் வேலையை இங்கே அந்தச் சவ்வு பார்க்கிறது. அதனால்தான் செயின்சோவைச் சரித்தாலும் கவிழ்த்தாலும் எஞ்சின் நிற்காது. பழைய சவ்வு பொரித்த அப்பளம்போல விறைத்திருந்தது. பெற்றோல் குழாய் கையோடு உருகி வந்தது. எதனோல் கலந்த பெற்றோல் பழைய றப்பரை அப்படித்தான் செய்யும். இரண்டையும் மாற்றி, ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை பின்வளவில் வைத்து இழுத்தேன். பதினோராவது இழுவையில் பிடித்தது. ஊரில் அன்றைக்குக் கண்ட அதே நீலப் புகை. ஒழுங்கை வாயிலில் நின்ற பதினான்கு வயதுப் பெடியன் ஒரு கணம் வந்து போனான்.

சரி, இப்போது முள்ளுக்கு வருகிறேன். அடுத்த கோடையில் இன்னொன்று வாங்கினேன். எந்தக் கொம்பனியுடையது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பிழை முழுக்க என்னுடையது. திருத்தி முடித்த பெருமையில் நண்பர் ஒருவரின் வளவில் விழுந்திருந்த கிளையை வெட்டப் போனேன். பாரின் நுனி, மேல் பக்கம், பின்னாலிருந்த இன்னொரு கொப்பில் பட்டுவிட்டது. அந்த இடத்தில் சங்கிலிக்கு மரத்தை அரிய இயலாது. அதில் ஏறப் பார்க்கும். ஏற முடியாத வேகம் முழுவதும் பாரை மேலே தூக்கி, பிடித்திருப்பவனின் முகத்தை நோக்கி எறியும். கண் இமைக்கும் நேரம் என்று எழுதுவார்களே, அதற்கும் குறைவு. என் ஜக்கெற்றின் இடது தோள்பட்டை கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. தோல் தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல. அன்றைக்குக் குளிர் என்று தடித்த ஜக்கெற்றோடு போயிருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது கடையில் விற்கும் செயின்சோக்களில் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு கறுப்புத் தட்டு நிமிர்ந்து நிற்கும். மிசின் மேலே எறியும்போது மணிக்கட்டு அதில் பட்டாலே உள்ளே ஒரு பட்டி இறுகிச் சங்கிலியை நிறுத்திவிடும். இந்தப் பிரேக் எழுபதுகளில்தான் பரவலாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றில் அந்தத் தட்டும் இல்லை, பிரேக்கும் இல்லை. அதிர்வைத் தாங்கும் றப்பரும் பலவற்றில் இல்லை. அந்த மிசின்களோடு வருடக்கணக்கில் காட்டில் வேலை செய்தவர்களுக்குக் குளிர் பட்டதும் விரல்கள் இரத்த ஓட்டமின்றி வெள்ளையாகிவிடும். அந்தக் காலத்து இரும்பு என்று புகழும்போது அந்தக் காலத்து விரல்களையும் நினைக்க வேண்டும்.

அதற்காகக் குப்பையில் போடுங்கள் என்று சொல்லவில்லை. அது இதைவிடப் பாவம். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது, இங்கே ஒன்ராறியோவிலேயே, பீற்றர்பரோவில் செயின்சோ செய்திருக்கிறார்கள். பயனியர் என்று பெயர். வன்கூவரில் ஐ.ஈ.எல். என்ற கொம்பனி தொடங்கிய தொழில் அது. 1956இல் அவுட்போர்ட் மரீன் என்ற கொம்பனி அதை வாங்கி, ஜோன்சன், எவின்ரூட் படகு எஞ்சின்கள் செய்த தன் பீற்றர்பரோத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. கோடையில் மீன் பிடிக்க றைஸ் ஏரிக்குப் போகிற வழியில் கராஜ் சேல்களில் இன்னமும் அகப்படும். என்னிடம் மூன்று இருக்கின்றன. மக்கலக் கொம்பனியுடையது இரண்டு. அந்த மக்கலக் முதலாளிதான் 1968இல் லண்டன் பாலத்தை 24 இலட்சத்து 60 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு வாங்கி, கல் கல்லாகக் கழற்றி அரிசோனாவுக்குக் கொண்டுபோனவர். எனக்கு முன்னால் பழைய சாமானில் பைத்தியமானவர்களும் இருந்திருக்கிறார்கள் என்று மனைவிக்கு அடிக்கடி சொல்வேன்.

வருடத்தில் ஒரு நாள் எங்களைப் போன்றவர்கள் ஒரு பண்ணையில் கூடுவோம். அங்கே மட்டும் இவற்றை ஓடவிடுவோம். தாங்கு சட்டத்தில் இறுக்கிய ஒரே ஒரு குற்றி, கொப்புகள் கிடையாது, காலுக்குப் பாதுகாப்பு உறை, தலைக்கவசம், பக்கத்தில் பழகிய ஆள். நான் ஒருமுறை என் பயனியரை ஓடவிட்டபோது, பீற்றர்பரோத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு முதியவர் கதிரையிலிருந்து எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெற்றோல் கொஞ்சம் கூடுதலாக வரும்படி, சின்னத் திருகாணிச் சாவியால் காபரேற்றர் திருகைக் கால் சுற்றுத் திறந்தார். கீச்சென்றிருந்த சத்தம் கரகரப்பாக இறங்கியது. “இப்போது பிஸ்ரன் பிழைக்கும்” என்றுவிட்டுத் திரும்பிப் போய் இருந்தார்.

ஆகவே, உங்கள் குறிப்பைப் படித்து ஏற்கனவே ஒன்று வாங்கிவிட்டவர்கள் முன் கைப்பிடிக்கு முன்னால் அந்தத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு இருந்தால், அது வேலை செய்கிறதா என்று திருத்துபவரிடம் காட்டிய பிறகு மற்றதை யோசிக்கலாம். இல்லையென்றால் பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டு, துடைத்து, அலுமாரிக்கு மேலே வையுங்கள். மேப்பிளுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். வாங்கியது நீல நிற எக்ஸ்எல்-12 ஆக இருந்து, அதைத் தூக்கி எறிகிற யோசனையும் இருந்தால், தயவுசெய்து இழுக்கிற கயிறு இருக்கும் ஸ்ராட்டர் மூடியை மட்டுமாவது கழற்றி வைத்திருங்கள். பெட்டிக்குள் கிடக்கிற பதினைந்தாவதுக்கு இன்னும் ஒன்று அகப்படவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெசினிஸ்ற் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ