பாபி காக்ஸுக்கு இரண்டே வரிதானா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் பற்றி ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தீர்கள். அட்லாண்டா பிரேவ்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் கோப்பைச் சுற்றின் முதல் தொடரில் தோற்று வெளியேறியது, மேனேஜர் பாபி காக்ஸ் ஓய்வு பெற்றார், 29 சீசன் மேனேஜராக இருந்தும் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை ஒரே ஒரு முறைதான் ஜெயித்தார் என்று. தகவலில் தப்பில்லை. ஆனால் அதைப் படிக்கிற ஒருவர், ஏதோ சாதிக்க முடியாத மனுஷன் ஒருவழியாக இடத்தைக் காலி செய்தார் என்றுதான் நினைத்துக்கொள்வார். அட்லாண்டாவில் வசிக்கிற, 2010 அக்டோபர் 11 திங்கட்கிழமை ராத்திரி பிரேவ்ஸின் அப்போதைய மைதானமான டர்னர் ஃபீல்டில் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்த எனக்கு அது பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஸ்கோர் 3-2. தொடரின் நான்கு ஆட்டமுமே ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில்தான் முடிந்தன. கடைசி ஆள் அவுட்டானதும் ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகச் சொந்த அணி தோற்றால் ஜனங்கள் பார்க்கிங்கை நோக்கி ஓடுவார்கள். அன்றைக்கு யாரும் நகரவில்லை. "பாபி! பாபி!" என்று ஒரு மூலையில் கிளம்பிய சத்தம் ஸ்டேடியம் முழுக்கப் பரவியது. காக்ஸ், அணியினர் உட்காரும் பள்ளமான டக்அவுட்டிலிருந்து படியேறி வந்து தொப்பியைக் கழற்றிக் காட்டினார். அப்போதுதான் அது நடந்தது: ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் கொண்டாட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பி நின்று கை தட்டினார்கள். ஜெயித்த அணி, தோற்ற அணியின் மேனேஜருக்கு! அப்புறம் நிருபர்கள் முன்னால் பேச உட்கார்ந்தவருக்குத் தொண்டை அடைத்துப் பேச்சே வரவில்லை.

ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்பீர்கள். பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் ஆட்டக்காரர்கள் போடும் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு டக்அவுட்டிலேயே இருப்பவர், யார் ஆடுவது, யார் எந்த வரிசையில் பேட் பிடிப்பது, பந்து வீசுகிறவரை எப்போது மாற்றுவது என்று எல்லாம் அவர் முடிவு. வருஷத்துக்கு 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும். காக்ஸ் 69 வயதிலும் ஆணி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார், தானே ஆடப் போகிறவர் மாதிரி.

இந்த ஆட்டத்தில் அம்பயரோடு எல்லை மீறிச் சண்டை போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படி லீக் ஆட்டங்களில் 158 முறை வெளியேற்றப்பட்டவர் காக்ஸ், பேஸ்பால் வரலாற்றில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. இதைக் கோபக்கார மனுஷன் என்று எழுதுகிறவர்கள் ஆட்டத்தைக் கவனிக்காதவர்கள் என்பேன். அடிக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டாய் என்று அம்பயர் ஸ்ட்ரைக் சொன்னதற்கு, தன் ஆட்டக்காரன் ஒருவன் அவரிடம் முறைத்துத் திரும்புவான். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவனைத் துரத்திவிடுவார்கள். அதற்குள் காக்ஸ் மூட்டு வலியோடு விறுவிறுவென்று நடந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, அவனை முதுகாலேயே தள்ளிவிட்டு, தான் கத்துவார். அவரை வெளியே அனுப்புவார்கள். அவன் உள்ளே ஆடிக்கொண்டிருப்பான். இந்தக் கடைசித் தொடரில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில்கூட வெளியேற்றப்பட்டார், அவர் இல்லாமலே பையன்கள் 11 இன்னிங்ஸ் ஆடி 5-4 என்று ஜெயித்துக் கொடுத்தார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பிரேவ்ஸ் ஆட்டக்காரர் மூன்று முறை பந்தைக் கோட்டைவிட்டார், அதில் கடைசிப் பந்து ஒன்பதாவது இன்னிங்ஸில் கால் இடுக்கில் புகுந்து ஆட்டமே போனது. பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை. காக்ஸ் அவரைப் பற்றி ஒரு சுடுசொல் சொல்லவில்லை. நான்காவது ஆட்டத்தில், மூன்றே நாள் ஓய்வில் மறுபடி வீச வந்த டெரிக் லோவை ஏழாவது இன்னிங்ஸில் மாற்றப் போனார். இன்னும் கொஞ்சம் வீசுகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டதும், சரி என்று விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அந்த இன்னிங்ஸில்தான் முன்னிலை கைவிட்டுப் போனது. கணக்குப் பார்த்து அது தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு, சொல்லட்டும். அந்த நம்பிக்கைதான் அவர் பாணி. 1991இல் பந்து வீச்சாளர் ஜான் ஸ்மோல்ட்ஸ் பாதி சீசன் வரை 2 வெற்றி, 11 தோல்வி என்று கிடந்தபோது ஊரே அவரைத் தூக்கச் சொன்னது. காக்ஸ் தூக்கவில்லை. மீதிப் பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. முந்தைய வருஷம் கடைசி இடத்தில் இருந்த பிரேவ்ஸ் அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் வரைக்கும் போனது, அந்த ஆட்டத்தில் அட்லாண்டாவுக்குப் பந்து வீசத் தொடங்கியவரும் இதே ஸ்மோல்ட்ஸ்தான்.

இவரை 1981இல் இதே பிரேவ்ஸ் நீக்கியது. டொராண்டோவுக்குப் போனார், அங்கே ப்ளூ ஜேஸ் அணிக்கு 1985இல் முதன்முதலாக டிவிஷன் பட்டம், அதாவது லீக்கில் தங்கள் பிரிவில் முதலிடம், வாங்கிக் கொடுத்தார், பிறகு அட்லாண்டாவுக்கே அணிக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜராக வந்து, 1990 நடுவில் ஆபீஸை விட்டு மறுபடி டக்அவுட்டுக்கு இறங்கினார். 1991 முதல் 2005 வரை, ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றுபோன 1994 நீங்கலாக, ஒவ்வொரு வருஷமும் டிவிஷன் பட்டம். தொடர்ந்து 14. மொத்தம் 2,504 வெற்றிகள், வரலாற்றில் நான்காவது இடம். அந்த ஒரே ஒரு வேர்ல்ட் சீரிஸ் 1995இல் வந்தது. ஐந்து முறை அந்த மேடைக்குப் போய் நான்கு முறை தோற்றது எங்களுக்கும் வலிக்கிற விஷயம்தான், குறிப்பாக 1996இல் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு அடுத்த நான்கையும் யாங்கீஸிடம் பறிகொடுத்தது இன்னும் ஆறவில்லை. ஆனால் ஏழு ஆட்டத் தொடரில் ஒரு வாரம் சறுக்கியதை வைத்து, வருஷம் முழுக்க 162 ஆட்டம் ஆடி முதலிடம் வந்ததைத் தள்ளிவிடுவது என்ன நியாயம்? நம் இதழ்களுக்கு இந்தக் கோப்பைக் கணக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கிரிக்கெட்டிலும் இப்படித்தான் எழுதுகிறீர்கள்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், காக்ஸின் ஆறாம் நம்பர் போட்ட பழைய சட்டையில். ஆட்டம் நடந்தவரை ஒவ்வொரு பந்துக்கும் திட்டித் தீர்த்தவர், காக்ஸ் தொப்பியைக் கழற்றியதும் தன் தொப்பியையும் கழற்றிக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை. மைதான விளக்கில் அவர் கன்னம் ஈரமாக இருந்தது தெரிந்தது. இதை உங்கள் செய்தியில் சேர்க்க முடியாதுதான். ஆனால் எதிரணி கை தட்டியதையாவது ஒரு வரி சேர்த்திருக்கலாம், அது ஊரறிய நடந்தது.

2011 சீசனுக்கு ஃப்ரெடி கொன்சாலஸை மேனேஜராக அறிவித்தார்கள். காக்ஸிடம் உதவிப் பயிற்சியாளராக (மூன்றாம் பேஸ் கோச்) இருந்தவர். சீசன் தொடங்கும்போது பேஸ்பாலுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் ஆசிரியரே, இங்கே இருக்கிற தமிழ் வீடுகளில் பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், அட்லாண்டா