இரண்டாம் பருவ நிறைவும் பிள்ளைகளின் ஓவிய நோட்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்பு மாணவர்களும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தேறியது. பேச்சு, கட்டுரைப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு பெற்று வந்தனர். மழை விடுமுறையால் விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் வந்து நடத்தி முடித்த ஆசிரியர்களுக்கும், அந்த நாள்களில் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பிவைத்த உங்களுக்கும் நன்றி. மதிப்பெண் பட்டியல் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வழங்கப்படும்.

இக்கடிதம் எழுத நேர்ந்த காரணம் பிள்ளைகளின் ஓவிய நோட்டு.

இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்திற்கு 2 ஓவிய வகுப்புகள் மீண்டும் நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். மீண்டும் என்று எழுதக் காரணம் உண்டு. கால அட்டவணையில் ஓவியம் எப்போதும் இருந்தது. ஆனால் பாடம் முடியவில்லை என்று கணிதத்திற்கும் அறிவியலுக்கும் அந்த வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாக நம் பள்ளியில் இருந்தது, அதற்கு நானும் இசைந்திருக்கிறேன். அது தவறு என்று உணர்ந்த பிறகே, ஓவிய வகுப்பை இனி எவரும் வேறு பாடத்திற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஜூன் மாதத்தில் முடிவு செய்தோம்.

இவ்வாண்டு ஓவிய வகுப்பு நடக்கும் முறையும் முன்பு போன்றதன்று. முதல் வாரத்தில் பிள்ளைகள் தாளைப் பார்க்காமல், தங்கள் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டு, விரல்களின் ஓரத்தைக் கண் மெல்லப் பின்தொடர அதே வேகத்தில் பென்சிலையும் நகர்த்தி வரைந்தார்கள். கை கை மாதிரியே வரவில்லை. ஆறு விரல் வந்தது, கட்டைவிரல் மணிக்கட்டில் முளைத்தது. ஆயினும் நகத்தடி வளைவையும் விரல் மூட்டின் மடிப்புகளையும் அவர்கள் அதற்கு முன் அவ்வளவு உற்றுப் பார்த்ததே இல்லை. அடுத்ததாக ஓவிய ஆசிரியர் ஒரு விதி சொன்னார்: ரப்பர் வேண்டாம். கோடு பிசகினால் அதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டை இட வேண்டும். முதல் கோடு தாளில் இருந்தால்தான் எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்பதற்கு அது அளவாக நிற்கும். அழித்துவிட்டால் கை மறுபடியும் அதே இடத்திற்குத்தான் போகும். வரைந்து பழகிய எவரும் இதை அனுபவத்தில் அறிவர்.

நவம்பர் மாதத்தில், மழை வெறித்திருந்த ஒரு பிற்பகல், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் அமரவைத்துச் சேர்வராயன் மலையை வரையச் சொன்னோம். கன்னங்குறிச்சிப் பக்கம் குடியிருக்கும் நமக்கு அது தினமும் கண்ணில் படும் மலை. மலை என்று சொன்னவுடன் நாம் எல்லோரும் சிறுவயதில் வரைந்தது இரண்டு முக்கோணமும் நடுவில் பாதிச் சூரியனும்தான். சேர்வராயன் மலையோ முக்கோணமன்று. நீண்டு கிடக்கும் மலை, உச்சி ஏறக்குறையத் தட்டையாக ஓடும். ஒரு மாணவி அதை அப்படியே ஒரே நீளக் கோடாக வரைந்து, வாட்டர் கலரில் நீலமாகத் தீட்டியிருந்தாள். கோடு நான்கு இடத்தில் மாறிப் போயிருந்தது, நான்கும் தாளில் தெரிந்தன. இடப்பக்கம் ஈரம் காயும் முன் ஒரு துளி நீர் விழுந்து நிறம் பூப்போல விரிந்திருந்தது. அது மேகம் இறங்கியதுபோல் அமைந்துவிட்டது. அந்தப் பக்கத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பருவ இறுதியில் நோட்டுகளைத் திரும்ப வாங்கியபோது அதே பக்கத்தை மறுபடியும் பார்த்தேன். நீலத்தின் மேல் கெட்டியான பச்சை பூசப்பட்டிருந்தது. தட்டையான உச்சியில் மூன்று கூரான முகடுகள் முளைத்திருந்தன. மலை பச்சையாகத்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லித் திருத்திக் கொடுத்ததாக மாணவி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். திருத்தியவர் அன்போடுதான் செய்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவள் செய்தது பிழையே அன்று. தொலைவிலுள்ள மலைக்கும் நமக்கும் இடையிலிருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் மலை நம் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரிகிறது. அதை அவள் தன் கண்ணால் பார்த்து எழுதியிருந்தாள். மொட்டை மாடிக்குப் போய் நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்.

இந்த ஒரு நோட்டு மட்டுமாக இருந்தால் அந்த வீட்டாரிடம் நேரில் பேசி முடித்திருப்பேன். பல நோட்டுகளில் பக்கங்கள் கிழிக்கப்பட்டு, பின் அடித்த இடம் தளர்ந்து கிடக்கிறது. சிலவற்றில் பிரவுசிங் சென்டரில் எடுத்த படத்தை வைத்து நகல் வரைந்திருக்கிறார்கள். பெரியவர்களின் தேர்ந்த கை பல பக்கங்களில் தெரிகிறது. ரப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையான பக்கங்களும் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைகளின் படங்களைப் போட்டு ஒப்பிட்டுப் பேசுவதும், அதை அடுத்த நாள் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் என் காதுக்கு வந்தன.

இப்போது மார்கழி. விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது ஒன்றுமில்லை. பதினைந்து புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசை சாய்ந்துவிட்டால் நீங்கள் வாசலை மறுபடி தெளிப்பதில்லை. புறங்கையால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தள்ளிவிட்டு, அல்லது வந்த வளைவையே ஓர் இதழாக்கிக்கொண்டு, மேலே போகிறீர்கள். மாலைக்குள் அது மிதிபட்டு மறைகிறது, மறுநாள் காலை மீண்டும் போடுகிறீர்கள். உங்கள் கைக்கு அந்த ஓட்டம் இப்படித்தான் வந்தது. அதே பொறுமையைப் பிள்ளையின் நோட்டுக்கும் தர வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

1861இல் பிறந்த இரவீந்திரநாத் தாகூர் அறுபதைக் கடந்த பிறகே ஓவியத்தில் முழுமையாக இறங்கினார். கவிதைக் கைப்பிரதியில் தாம் அடித்த சொற்களை அப்படியே விடாமல், அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்து, பறவைகளாகவும் விசித்திர விலங்குகளாகவும் வளர்த்தது அவருடைய ஓவியங்களுக்கு ஊற்றாக இருந்தது. 1930இல் பாரிஸ் நகரில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. அடித்து எழுதிய இடத்திலிருந்தே ஓர் ஓவியர் தோன்றினார் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். உங்களுக்கும் சொல்ல விரும்பினேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, நான் வரைந்த பசுவை ஓர் ஆசிரியர் உயர்த்திப் பிடித்து, இது என்ன விலங்கு என்று வகுப்பைக் கேட்டார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பென்சிலை எழுதுவதற்கு மட்டுமே எடுத்தேன். சென்ற கோடை விடுமுறையில் ஏற்காடு சென்றிருந்தபோது, கடையில் ஒரு நோட்டும் 2பி பென்சிலும் வாங்கி, காப்பித் தோட்ட ஓரத்தில் அமர்ந்து, மிளகுக் கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தை வரைந்தேன். மரம் சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. ஏழாவது பக்கத்தில்தான், மரம் நேராக நிற்கிறது, நான் தாளைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. அந்த ஆறு பக்கங்களையும் கிழித்திருந்தால் அது எனக்குத் தெரிந்தே இராது. அந்த நோட்டு இப்போது என் அறை மேசைமேல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆகவே சில செய்திகளைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் பருவத்திலிருந்து ஓவிய நோட்டின் ஒவ்வொரு பக்கத்திற்கும் எண் இடப்படும். பக்கம் குறைந்திருந்தாலோ பெரியவர்கள் வரைந்தது தெரிந்தாலோ பெற்றோரை நேரில் வரவழைத்துப் பேசுவோம். அத்தகைய நோட்டிலிருந்து எந்தப் படமும் வெளிப் போட்டிகளுக்கு அனுப்பப்பட மாட்டாது. பிள்ளைகளின் படங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதை இன்றோடு நிறுத்த வேண்டும். இது வேண்டுகோள் அன்று, பள்ளியின் விதி. பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்குவது, உனக்கு வராது என்று அதன் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஒப்பாகும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டறையிலும் தறியிலும் அலுவலகத்திலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து படத்தைத் திருத்துகிறவர் அக்கறையில்லாதவர் அல்லர் என்பது எனக்கு நன்கு தெரியும். அந்த நேரத்தை நீங்கள் தருவதே பெரிது. அதே நேரத்தில் அருகில் அமர்ந்து, வேறொரு தாளில் நீங்கள் உங்களுக்காக ஏதேனும் வரையுங்கள். தண்ணீர்ச் செம்பு போதும். என்ன வரைந்தாய், எதைப் பார்த்து இந்த நிறம் வைத்தாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சை மட்டும் தள்ளி வையுங்கள்.

பொங்கல் விடுமுறைக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மைதானத்தில் மலையை வரைய ஏற்பாடு செய்திருக்கிறோம். படங்களுக்குப் பரிசோ வரிசையோ கிடையாது. தாளும் பென்சிலும் பள்ளி தரும். வண்ணம் தீட்ட விரும்புவோர் வாட்டர் கலரும் ஒரு பழைய துணியும் கொண்டுவரலாம். சிறுவயதில் வரைந்து பின்னர் விட்டுவிட்டவர்கள் அவசியம் வர வேண்டும். பச்சை பூசிய அந்தப் பக்கத்துக்குரிய மாணவியிடம் மலையை மறுபடி வரையச் சொல்லியிருக்கிறேன். பழைய பக்கமும் நோட்டில் அப்படியே இருக்கும். அவள் வீட்டாரையும் அன்று எதிர்பார்க்கிறேன்.

இதுவரை பள்ளியோடு உடன் நின்ற உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையைப் பிள்ளைகளுடன் இனிதே கழிக்க வாழ்த்துகிறேன். பள்ளி திறக்கும் நாளன்று ஓவிய நோட்டைப் பைக்குள் வைத்து அனுப்புங்கள், இருக்கிற பக்கங்கள் எல்லாவற்றோடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்