முதியோரின் தசை இழப்பை முன்கூட்டியே கண்டறியக் கோரும் மனு

அனுப்புநர்:
மூத்த குடிமக்கள்,
ஊத்தங்கரை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பொருள்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தசை இழப்புப் பரிசோதனையைச் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் திண்ணையிலிருந்து எழக் கைத்தாங்கல் தேடுபவரை யாரும் சோதிப்பதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே மருத்துவமனைக்குப் போகிறோம்.

சார்கோபீனியா எனப்படும் இந்தத் தசை இழப்பு சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கொழுப்பு கூடிச் சதை குறைந்தால் எடை அப்படியே இருக்கும். எடை பார்க்கும் மெஷின் இதைக் காட்டாது. இன்ச் டேப் ஓரளவு காட்டிவிடும். ஆசிய மருத்துவ நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி, கெண்டைக்காலின் பருத்த இடத்துச் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும், பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படியே. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு டேப் அளவு ஏமாற்றும் என்பதையும் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும்.

எனவே, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களுக்கு இதில் பயிற்சி தந்து, 60 வயது கடந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கச் செய்ய வேண்டுகிறோம். குறை தெரிந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவும், அங்கே கைப்பிடி வலு அளக்கும் கருவி வைக்கவும் உத்தரவிட வேண்டும். திட்டத்தில் ஏற்கெனவே உள்ள பிசியோதெரபிஸ்ட் உடற்பயிற்சி சொல்லித்தரலாம். புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், சாப்பாடு. ராகிக் களியும் கீரைக் குழம்பும் வயிற்றை நிரப்பும், புரதத்துக்குப் போதாது. கூடவே கொள்ளு, முட்டை, வேர்க்கடலை சேர்க்கச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கி, செவிலியர் ஒருவரைப் பேச வைத்தால் ஊரே கேட்கும்.

முதற்கட்டமாக எங்கள் வட்டாரத்திலேனும் இதைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்ட மூத்த குடிமக்கள்