திரையில் கறுத்துப்போகும் தீபாராதனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கோயில் பூசைகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நடக்க முடியாத பெரியவர்களுக்கும் ஜோகனஸ்பர்க், கேப் டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் பல வாரங்களில் அதுதான் கோயில். ஆனால் அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்களோ அந்த நிமிடத்தில்தான், கற்பூரம் ஏற்றியதும், அம்மன் முகம் கறுத்துப்போகிறது.

கேமரா கெட்டுப்போகவில்லை. கைபேசி தன் முன்னால் உள்ள பிரகாசத்துக்கு ஏற்ப ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும். சுடர் எழுந்தால் மூலவர் இருளில் மறைவார். தட்டு விலகியதும் எல்லாம் வெளுத்துவிடும். அலங்காரம் முடிந்து திரை விலகியதும், கைபேசியில் தெரியும் சுவாமி முகத்தின் மேல் விரலை வைத்துப் பூட்டுக்குறி வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஒளியைச் சற்றே இறக்குங்கள். அபிஷேகத்தின்போது பூட்டியது அலங்காரத்துக்கு உதவாது. நனைந்த கருங்கல் வேறு, பட்டும் நகையும் வேறு. மின்விளக்கொளியில் படத்தின் குறுக்கே பட்டைகள் ஓடினால், விநாடிக்கு 30 படம் என்றிருப்பதை 25 ஆக்குங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதே அதற்குக் காரணம்.

ஸூம் (Zoom) செயலியில் மணியோசையும் நாதஸ்வரமும் அறுந்து அறுந்து கேட்பதற்கும் காரணம் உண்டு. பேச்சைத் தவிர மற்றதை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைப் போட்டுவிட்டால் மணி மணியாகவே கேட்கும். மைக்கை மணிக்கு அடியில் கட்டாமல், தேவாரம் பாடுபவர் பக்கம் வையுங்கள். வீட்டிலிருப்பவர்களும் பாடட்டும், ஆனால் அவரவர் மைக்கை அணைத்துவிட்டு. ஒவ்வொரு வீட்டுக் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வருவதால் சேர்ந்து பாட முடியாது. பின்னணியில் இசைத்தட்டுப் பாடல் வேண்டாம். காப்புரிமை என்று யூடியூப் ஒளிபரப்பையே நிறுத்திவிடக்கூடும். பதிகத்தைத் திரையின் அடியில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் காட்டுவது நம் இளைஞர்களுக்குப் பேருதவி. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துப் பாடினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும்.

பார்ப்பவர்களுக்கு நேரம்தான் பெரிய குழப்பம். சென்னையில் மாலை 4.30-க்குத் தொடங்கும் பிரதோஷம் டர்பனில் பகல் 1 மணிக்குத் திரையில் வரும். அது தரிசனம்தான், நம் வீட்டுப் பிரதோஷ வேளை ஆகாது. இங்கே சூரியன் மறைவது ஜூனில் ஏறக்குறைய 5 மணிக்கு, டிசம்பரில் ஏறக்குறைய 7 மணிக்கு. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கணக்கிட்டு விளக்கேற்றுங்கள். திதி முடியும் கணம் உலகெங்கும் ஒன்றே. அதனால் தமிழ்நாட்டுப் பஞ்சாங்க நேரத்தில் மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் போதும்: அங்கே பின்னிரவு 2 மணி என்றால் இங்கே முந்திய இரவு 10.30. ராகு காலத்துக்கு இந்தக் கழித்தல் செல்லாது. உள்ளூர்ப் பகல் பொழுதை எட்டாகப் பங்கிட வேண்டும். ஒரு பங்கு ஜூனில் சுமார் 76 நிமிடம், டிசம்பரில் சுமார் 105 நிமிடம்.

பொத்தானை அழுத்தினால் பூ விழும், மணி அடிக்கும் கணினிக் கோயில்களும் உண்டு. குழந்தைகள் பூசை முறை பழக அவை நல்லவை. ஆனால் அங்கே பிரதிஷ்டை நடக்கவில்லை. அர்ச்சனைக்குப் பணம் கட்டுமுன், எந்தக் கோயிலில், எந்த நாளில் உங்கள் பெயருக்குச் சங்கல்பம் செய்வார்கள் என்று கேளுங்கள். நட்சத்திரத்தை முழுப்பெயராக எழுதுங்கள். பூரம், பூராடம், பூரட்டாதி மூன்றும் வடமொழிப் பட்டியலில் ‘பூர்வ’ என்றே தொடங்குவதால் மாறிப்போகின்றன.

வீட்டில் கைபேசியைப் பலகை மேல் வைத்து, விளக்கை ஏற்றிவிட்டுத் திரையைத் திறப்பதே முறை. கற்பூரத்தட்டைத் திரைக்குக் காட்ட வேண்டாம், உங்கள் வீட்டுப் படத்துக்குக் காட்டுங்கள். வெப்பம் கண்ணாடிக்கு ஆகாது. திருநீறு சார்ஜர் துளையை அடைத்துவிடும்.

ஈஸ்டர் வார மாரியம்மன் திருவிழாவைக் காட்டவிருக்கும் கோயில்கள், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைப் பூசையிலேயே, கற்பூரம் ஏற்றி, மணியும் அடித்து, ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோயில் நேரலைத் தொண்டர்கள்,
டர்பன்.